வெள்ளிக் கம்பி இழுத்த கோடு

சுண்ணாம்பு அடித்த சுவரில் பழைய ஐந்து பைசா அலுமினியக் காசைத் தேய்த்து விளையாடியவர்களுக்கு இந்தக் கலையின் சூட்சுமம் ஏற்கெனவே தெரியும். காசு உரசிய இடமெல்லாம் கருஞ்சாம்பல் நிறத்தில் கோடு விழும். சுண்ணாம்பின் சொரசொரப்பு அரம்போல உலோகத்தை ராவிக்கொள்கிறது. ராவிய பொடிதான் கோடு. பதினைந்தாம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓவியர்கள் காசுக்குப் பதிலாக வெள்ளிக் கம்பியையும், சுவருக்குப் பதிலாக எலும்புச் சாம்பலும் பசையும் கலந்து பூசிய தாளையும் எடுத்துக்கொண்டார்கள். சில்வர்பாயின்ட் என்று பெயர். வெள்ளிமுனைச் சித்திரம் என்று நாம் சொல்லலாம்.

நம் எழுத்தாணியோடு இதைச் சேர்த்துவிடக் கூடாது. எழுத்தாணி ஓலையைக் கீறும். பிறகு கரியைத் தடவினால்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியும். இங்கே கீறலே இல்லை. கோல் தேய்கிறது, தேய்ந்தது தாளில் தங்குகிறது.

ரசிப்பதற்கு முதலில் கோட்டின் கனத்தைக் கவனியுங்கள். பென்சிலை அழுத்தினால் கருக்கும், லேசாகப் பிடித்தால் வெளுக்கும். வெள்ளிக்கு அந்தப் பழக்கம் கிடையாது. எவ்வளவு அழுத்தினாலும் அதே மெல்லிய சாம்பல்தான்; மேலும் அழுத்தினால் பூச்சுதான் கிழியும். அப்படியானால் நிழலை எப்படிக் கொண்டுவருவது? கோட்டின்மேல் கோடு, அதன்மேல் இன்னொரு கோடு என்று பொறுமையாக அடுக்கித்தான். ரப்பரால் அழிக்கவும் முடியாது. தவறான கோடும் சரியான கோட்டின் பக்கத்திலேயே இருந்துவிடும். இந்த இரண்டு கட்டுப்பாடுகளையும் மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், அழகான முகம் என்று கடந்து போயிருக்கக்கூடிய படத்தின் முன் கால்மணி நேரம் நின்றுவிடுவோம்.

லியொனார்டோ டா வின்சி இளம் வயதில் வரைந்த போர்வீரன் படம் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அலங்காரத் தலைக்கவசம், மார்புக் கவசத்தில் சிங்கமுகம், பக்கவாட்டில் தெரியும் கிழட்டு முகம். எல்லோருடைய கண்ணும் கவசத்துக்குத்தான் போகும். நீங்கள் கழுத்துக்கு வாருங்கள். தாடைக்குக் கீழே தோல் தளர்ந்து மடிகிற இடத்தில் நெருக்கமான இணைகோடுகள் ஓடும். எந்த ஒரு கோடும் தனியாகக் கருமையாக இல்லை, ஆனால் எல்லாம் சேர்ந்து இருட்டாகிவிடுகின்றன. லியொனார்டோ இடக்கைக்காரர் என்பதால் அவருடைய நிழற்கோடுகள் பெரும்பாலும் இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழாகச் சாயும். அந்தச் சாய்வு ஒருமுறை பிடிபட்டுவிட்டால், படத்தில் அவருடைய கையே அசைவதுபோல் இருக்கும்.

அடுத்ததாக ஒரு சிறுவனைப் பாருங்கள். 1484-இல், பதின்மூன்று வயதில், ஆல்பிரெக்ட் டியூரர் கண்ணாடியில் பார்த்துத் தன்னையே வரைந்தார். வியன்னாவின் ஆல்பெர்டினா காட்சியகத்தில் அது இருக்கிறது. கண்ணாடியில் பார்த்து வரைந்தது, அப்போது நான் சிறுவன் என்று பின்னாளில் அவரே மேலே எழுதி வைத்தார். அழிக்க முடியாத கருவியைக் கையில் கொடுத்து ஒரு சிறுவனை உட்கார வைத்திருக்கிறார்கள்! நீட்டிய விரலையும் சட்டைக் கையின் மடிப்புகளையும் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கிறது. இன்னொரு கை துணிக்குள் மறைந்திருக்கிறது. வரைந்துகொண்டிருந்த கை அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

யான் வான் ஐக் வரைந்த கார்டினல் அல்பெர்காட்டியின் முகத்தை வேறு விதமாகப் படிக்க வேண்டும். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உள்ள அந்தத் தாளில் முகத்தோடு கையெழுத்தும் இருக்கிறது. உதடு என்ன நிறம், முளைத்த தாடி என்ன நிறம் என்று தனக்காக எழுதிக்கொண்ட குறிப்புகள் அவை. வெள்ளியால் நிறம் காட்ட முடியாது அல்லவா? அந்தக் குறிப்புகளைக் கொண்டு பிறகு தீட்டிய வண்ண ஓவியம் வியன்னாவில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வண்ணப்படத்தில் பெரிய மனிதர் ஒருவர் இருக்கிறார். கோட்டுப்படத்தில் களைத்த கிழவர் ஒருவர் மூச்சு விடுகிறார். எனக்குக் கோட்டுப்படம்தான்.

சில தாள்களில் பூச்சு நீலமாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும். அங்கே தாளின் நிறம் நடுத்தர வெளிச்சம், வெள்ளிக்கோடு நிழல், தூரிகையால் வைத்த வெள்ளை வண்ணம் பளபளப்பு. மூன்றையும் பிரித்துப் பார்க்கக் கண்ணைப் பழக்க வேண்டும். வெள்ளிமுனையின் கடைசிக் காலத்துக்கு வந்தால், ரெம்பிராண்ட் 1633-இல், நிச்சயதார்த்தம் முடிந்த மூன்றாம் நாள், தன் வருங்கால மனைவி சாஸ்கியாவைத் தோல்தாளில் வெள்ளிமுனையால் வரைந்தார். பூச்சூடிய அகலத் தொப்பி, கன்னத்தில் கை. அதற்குள் இங்கிலாந்தின் பாரோடேலில் கிடைத்த கிராஃபைட் பரவத் தொடங்கியிருந்தது. அழுத்தினால் கருக்கும், தேய்த்தால் அழியும் கருவி வந்த பிறகு வெள்ளிக் கம்பியைத் தொட்டவர்கள் குறைந்துவிட்டார்கள்.

இதெல்லாம் படித்துத் தெரிவதைவிட ஒரு மாலை நேரம் வரைந்தால் நன்றாகத் தெரியும். நகைக்கடைப் பத்தரிடம் ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் வெள்ளிக் கம்பி கேளுங்கள். முனையை மாற்றிப் போடும் தடித்த பென்சிலில் செருகும் அளவு போதும். நுனியை உப்புத்தாளில் தேய்த்து மழுக்குங்கள், ஊசியாக இருந்தால் பூச்சைக் கிழிக்கும். வழவழப்பான கெட்டி அட்டையில் கவாஷ் எனப்படும் ஒளிபுகா நீர்வண்ணத்தில் வெள்ளையைத் தண்ணீராகக் கரைத்து இரண்டு மூன்று முறை பூசிக் காயவிடுங்கள். 1400 வாக்கில் ஓவியர் செனினோ செனினி எழுதிய கைநூலில் வேறு செய்முறை இருக்கிறது: சாப்பாட்டு மேசைக்கடியில் கிடக்கும் கோழியெலும்பை வெள்ளைச் சாம்பலாகும்வரை சுட்டு அரைத்து, எச்சிலில் குழைத்துச் சிறு பலகையில் தடவ வேண்டும். அந்தப் பலகையில் வரைந்து பழகவே மாணவனுக்கு ஓராண்டு என்கிறார்.

முதல் தடவை நான் வரைந்தது ஒரு சொம்பு. பென்சில் பழக்கத்தில் அழுத்தி அழுத்தி இழுத்து, பூச்சைக் கிழித்துவிட்டேன். இரண்டாம் தாளில் கையைத் தளர்த்தி, விளிம்பிலிருந்து மெல்லிய கோடுகளை வரிசையாக அடுக்கினேன். ஒரு மணி நேரம் கழித்துச் சொம்பின் வயிறு தாளிலிருந்து எழும்பி வந்தது. அதற்குப் பிறகுதான் போர்வீரனின் கழுத்து எனக்குப் புரிந்தது.

வரைந்ததை எடுத்து வையுங்கள். கொலுசைக் கறுக்க வைக்கும் அதே காற்று இந்தக் கோட்டையும் தொடும். காற்றிலுள்ள கந்தகத்தோடு வெள்ளி சேரச் சேர, சாம்பல் நிறம் மாதக்கணக்கில் மெல்லப் பழுப்பாகும். பழைய தாள்களில் நாம் காணும் இதமான பழுப்பு அப்படி வந்ததுதான். தங்கக் கம்பியில் வரைந்தால் மாறாது. என் சொம்பின் பின்பக்கம் தேதி போட்டு வைத்திருக்கிறேன். தாளைப் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்தால், நிழல் அடர்ந்த இடத்தில் பழுப்பு ஏறத் தொடங்கியிருக்கிறது. கழுத்தோரத்து ஒற்றைக் கோடு இன்னும் சாம்பலாகவே இருக்கிறது.