வாளாவிருத்தலும் காத்திருத்தலும்

உழைப்பு என்பது பாவத்திற்குக் கிடைத்த தண்டனை என்று கிறித்துவ மறை கூறுவதாகக் கருதுவோர் உளர். வியர்வை சிந்தி உண்ண வேண்டும் என்னும் தீர்ப்பு ஆதியாகமத்தின் 3-ஆம் அதிகாரத்தில் இருப்பது உண்மையே. எனினும், தோட்டத்தைப் பண்படுத்திக் காக்கும் பொறுப்பு மனிதனுக்கு 2-ஆம் அதிகாரத்திலேயே அளிக்கப்பட்டுவிட்டது. பாவத்திற்கு முன்பே பணி இருந்தது. இவ்வுண்மையைத் தம் வாழ்விலும் பாட்டிலும் ஆழ்ந்து எண்ணியவர் ஆங்கிலப் பெருங்கவிஞர் ஜான் மில்டன் (1608–1674).

1649-இல் இங்கிலாந்துக் குடியரசின் அயல்மொழிச் செயலாளராகப் பொறுப்பேற்ற மில்டன், 1652-இல் பார்வையை முற்றும் இழந்தார். அவ்விழப்பைப் பற்றிய அவரது பதினான்கடிப் பாடல் 1673-ஆம் ஆண்டுத் தொகுப்பில் வெளிவந்தது. மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரத்தில் வரும் தாலந்து உவமையே அதன் அடித்தளம். ஐந்தும் இரண்டும் பெற்ற ஊழியர் அவற்றைப் பெருக்கினர். ஒன்று பெற்றவன் மண்ணில் புதைத்தான். புற இருளில் தள்ளப்பட்டான். தாலந்து பழங்கால நிறையளவு; ஆங்கிலத்தில் அச்சொல் திறமையையும் குறிக்கும். இரு பொருளும் அப்பாடலில் இணைந்து நிற்கின்றன. எழுதும் திறன் உள்ளே இருக்கக் கண் ஒளியிழந்தது. இருளில் வாழும் கவிஞர், அவ்வூழியனுக்குரிய தீர்ப்புத் தமக்கும் வருமோ என்று அஞ்சுகிறார்.

பொறுமை அவருக்கு விடை கூறுகிறது: இறைவன் மனிதனின் உழைப்பை எதிர்பார்த்து வாழ்பவன் அல்லன், ஆணையை நோக்கி நிற்பவனும் அவனுடைய ஊழியனே.

இவ்விடை மடியர்க்கு இடந்தராதா எனச் சிலர் வினவலாம். தராது. உவமையின் தலைவன் அவ்வூழியனைச் சோம்பன் என்று கடிகிறான். அச்சோம்பலின் வேரோ, தலைவனைக் கொடியவன் என்று எண்ணிய அச்சத்தில் உள்ளது. காத்திருப்பவன் அழைப்பு வரும் என்று நம்பி விழித்திருக்கிறான். இருவர் கைகளும் ஓய்ந்திருப்பினும் உள்ளங்கள் வேறு. கவிஞரின் தொடக்க அச்சமும் அவ்வூழியனின் அச்சத்தை ஒத்ததே. பொறுமை அதனை மாற்றுகிறது.

பார்வையிழந்த பின் மில்டன் சொல்லப் பிறர் எழுதிய 'சுவர்க்க நீக்கம்' 1667-இல் 10 பகுதிகளாகவும், 1674-இல் 12 பகுதிகளாகவும் வெளிவந்தது. அதன் 4-ஆம் பகுதியில், நாள்தோறும் பணி பெற்றிருப்பது மனிதனின் மாண்பு என்கிறான் ஆதாம். பிந்திய பதிப்பின் 9-ஆம் பகுதியில், சேர்ந்திருந்தால் பேச்சில் பொழுது கழிகிறது, பிரிந்து உழைப்போம் என்கிறாள் ஏவாள். உணவையும் உரையாடலையும் விலக்கும் அளவிற்கு இறைவன் வேலையை விதிக்கவில்லை என்பது ஆதாமின் மறுமொழி. வேலையின் அளவைக் கருதி அவர்கள் பிரிந்த அன்றே சோதனை வருகிறது.

ஆகவே, உழைப்பு மனிதனுக்குச் சிறப்புத் தருவதாயினும், அவன் மதிப்பை அளக்கும் கோல் ஆகாது. நோயாலும் முதுமையாலும் கையோய்ந்தோரைப் பயனற்றவர் என்று ஒதுக்கும் உலகிற்கு மில்டன் தரும் மறுப்பு இதுவே. மாணவர் இவ்விரு படைப்புகளையும் இணைத்துக் கற்பின் அம்மறுப்பின் வலிமை விளங்கும்.