ஆறும் ஓர் ஆட்டக்காரன்

2001இல் வெளிவந்த ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலே’ சண்டை வீடியோ விளையாட்டின் ‘ஜங்கிள் ஜேப்ஸ்’ களத்தில், மரப்பலகை மேடைகளுக்குக் கீழே ஆறு இடப்பக்கமாகப் பாய்கிறது. விழுந்தவரை நீரோட்டம் களத்துக்கு வெளியே இழுத்துப்போகும். கிளாப்டிராப் முதலைகளும் நீரிலிருந்து எம்பிக் கடிக்கும். ஆறு வெற்றியைத் தீர்மானிப்பது திறமைக்கு அநீதி என்று சிலர் சொல்லலாம். ஆனால் நீரோட்டம் திசை மாறுவதில்லை; ஆடுவோர் அனைவருக்கும் அது பொது. எங்கே நிற்பது, எதிராளியை எந்தப் பக்கம் தள்ளுவது என்று கணிப்பதும் திறமைதான். ஏற்றவற்றம் பார்த்துப் படகெடுக்கும் மலேசியாவின் போர்ட் கிள்ளான்காரர்களுக்கும், தூண்கள்மேல் வீடு கட்டிய கெத்தாம் தீவினருக்கும் இந்தக் கணக்கு புரியும். நீரைப் பின்னணிச் சித்திரமாக விட்டுவிடாமல் ஆட்டத்தின் விசையாக்கியதே இக்களத்தின் சிறப்பு. வாய்ப்புக் கிடைத்தால் ஆடிப் பாருங்கள்.