கதவைத் திறந்தவர் யார்? தோட்டப்புறப் புனைவுகளில் அடைபடுதலும் தப்பிச் செல்லுதலும்

தமிழிலக்கிய மரபில் சிறைப்பட்டோரைப் பற்றிப் பேச முற்படும் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருபவன் சேரமான் கணைக்கால் இரும்பொறை. சோழன் செங்கணானிடம் தோற்றுக் குடவாயிற் கோட்டத்துச் சிறையில் கிடந்தவன். கேட்டபோது கிடைக்காமல் காலந்தாழ்ந்து வந்த நீரைப் பருகாது உயிர் துறந்தான் எனப் புறநானூற்று 74ஆம் பாடலின் குறிப்புக் கூறுகிறது. பொய்கையார் களவழி நாற்பது பாடி அவனை மீட்டார் என்பது மற்றொரு மரபுச் செய்தி. இரண்டும் ஒருங்கே உண்மையாதல் அரிது. ஆயினும் இரண்டும் ஒன்றில் உடன்படுகின்றன. அவன் கிடந்த சிறைக்குச் சுவர் இருந்தது. அவன் யாரென அறிந்து பாட ஒரு புலவரும் இருந்தார்.

தோட்டப்புறத் தொழிலாளிக்கு இவ்விரண்டும் இல்லை. ‘தோட்டம் ஒரு சிறை’ என்னும் உருவகம் நம் ஆய்வேடுகளில் பழகித் தேய்ந்துவிட்டது. அவ்வுருவகத்தை ஏற்றுக்கொண்டால், தோட்டத்தைவிட்டு வெளியேறுதல் விடுதலை என்னும் முடிவு தானாகவே பின்தொடர்கிறது. வகுப்பறைகளிலும் அவ்வாறே கற்பிக்கிறோம். தோட்ட வாழ்வைச் சித்திரிக்கும் சிறந்த புனைவுகள் இம்முடிவுக்கு இடந்தரவில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

முதலில் அடைப்பின் இயல்பைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுக்கு வந்தது. அம்முறை நடப்பிலிருந்தபோது வேலையைவிட்டு ஓடிப்போதல் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். தோட்டத்தைச் சுற்றி மதில் எழுப்ப வேண்டிய தேவையே இருக்கவில்லை. சட்டமே மதிலாக நின்றது. இலங்கையில் நிலவிய துண்டு முறை இதனினும் நுட்பமானது. கங்காணியும் அவன் கூட்டத்தாரும் பட்ட கடன் இவ்வளவு, அதனைச் செலுத்துவோரிடம் இவர்களை அனுப்பலாம் என்று துரை எழுதிக் கொடுக்கும் தாளே துண்டு. ஒரு தோட்டத்திலிருந்து விடுபடுவதற்குரிய அனுமதிச் சீட்டு, அடுத்த தோட்டத்தில் அடைபடுவதற்குரிய ஆவணமாகவும் இருந்தது. 1921இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. ஆனால், விடுபடுதலும் அகப்படுதலும் ஒரே தாளில் எழுதப்படும் அந்த வாழ்க்கை அத்துடன் ஒழிந்துவிடவில்லை.

புதுமைப்பித்தன் 1935இல் எழுதிய ‘துன்பக் கேணி’யை இப்பின்னணியில் வைத்துப் படித்தல் தகும். அக்கதையைத் தேயிலைத் தோட்டக் கொடுமையின் பதிவாக மட்டும் காண்போர் மிகுதி. மருதி கப்பலேறுவதற்கு முன்பே அவள் ஊர் அவளுக்கு அடைப்பாகிவிட்டது என்பதை அவர்கள் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. வாசவன்பட்டிச் சேரியில் கணவனைச் சிறைக்குப் பறிகொடுத்துவிட்டு நிற்பவளுக்கு இலங்கை, தப்பிச் செல்வதற்குக் கிடைத்த ஒரே வழி. அவ்வழி எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதைக் கதை ஒளிக்கவில்லை. எனினும், கதையின் உயிர்நாடி தோட்டக் காட்சிகளில் இல்லை. நோயுற்றுச் சிதைந்த மருதி ஊருக்குத் திரும்புகிறாள். அங்கே தனக்கு இடமில்லை எனக் காண்கிறாள். மீண்டும் அதே தோட்டத்தை நாடிச் செல்கிறாள். இந்த இரண்டாம் பயணத்திற்கு எந்த ஆள்கட்டியும் தேவைப்படவில்லை. தன்னை அழித்த இடத்துக்கு ஒருத்தி தானே நடந்து போகிறாள். ‘தோட்டம் சிறை, ஊர் விடுதலை’ என்னும் எளிய சமன்பாட்டைத் தமிழ்ப் புனைகதை இவ்வளவு முற்பட்ட காலத்திலேயே கைவிட்டுவிட்டது நோக்கத்தக்கது. கதையின் பிற்பகுதி அவசரமாக ஓடுகிறது என்னும் குறை எனக்கும் உண்டு. ஆயினும், மேற்கூறிய ஓரிடத்திற்காகவே நம் தோட்ட இலக்கிய வரலாற்றை இக்கதையிலிருந்து தொடங்கலாம்.

மலேசியாவுக்கு வருவோம். கே.எஸ். மணியம் (1942–2020) ஆங்கிலத்தில் எழுதியவர் என்பதால் தமிழ்த்துறைகள் அவரை ஓரமாக ஒதுக்கிவிடுவது வழக்கம். இதனை நியாயம் என்று சொல்ல இயலவில்லை. 1981இல் வெளிவந்த அவருடைய ‘தி ரிட்டர்ன்’ நாவலில் மூன்று தலைமுறையினர் வருகின்றனர். தமிழகத்திலிருந்து பிள்ளைகளோடு வந்த பெரியதாயி தன் உழைப்பில் ஒரு வீடு எழுப்புகிறாள். நிலம் அவள் பெயரில் இல்லை. மருத்துவமனைச் சலவைத் தொழிலாளியான அவள் மகன், பிற்காலத்தில் ஆற்றோரத்தில் ஒரு வீடு கட்டுகிறான். அந்நிலமும் அவனுக்கு உரியதன்று. இறுதியில் அவ்வீட்டுக்குத் தீ வைத்து, அத்தீயிலேயே மாய்கிறான். இவ்விருவரும் எங்கும் ஓடவில்லை என்பது முக்கியமானது. தமக்கென ஒரு வேலி, ஒரு கூரை, உள்ளே பூட்டிக்கொள்ளத்தக்க ஒரு கதவு ஆகியவற்றையே அவர்கள் தேடினர். நிலைபேறு மறுக்கப்பட்டவர்க்குத் தப்புதல் என்பது ஓரிடத்தில் நிற்க முயல்வதாகவே அமைகிறது. அடைப்பு, தப்பிப்பு என்னும் எதிரிணையைக் கொண்டு மட்டும் இந்நாவலை அளக்க முனைவோர் இங்கே தடுமாறுவர்.

மூன்றாம் தலைமுறையான ரவி தப்பிவிடுகிறான். ஆங்கிலக் கல்வி அவனைச் சலவைத் துறையிலிருந்து மீட்டு, இங்கிலாந்துக்கு ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பி, ஆசிரியனாகத் திரும்பச் செய்கிறது. நம் சமூகம் போற்றும் வெற்றிக் கதை இது. ‘படித்தால் தோட்டத்தை விட்டுப் போகலாம்’ என்று பால்மரக்காட்டுத் தமிழ்ப்பள்ளிகளில் எத்தனை ஆசிரியர்கள் சொல்லியிருப்பார்கள்! மணியம் இவ்வெற்றியை மறுக்கவில்லை. அதற்கு ஈடாக எது போயிற்று என்று மட்டும் கேட்கிறார். தந்தை வீடு கட்டித் தவிக்கும் நாட்களில் ரவி அவரருகே இருக்கிறான்; அவர் பேசும் மொழியின் உள்ளே மட்டும் அவனால் நுழைய முடிவதில்லை. ஆசிரியப் பயிற்சி மாணவர்க்கு இந்நாவலைப் பாடமாக வைத்தால் பயனுண்டு.

தோட்டத்தின் மற்றொரு முகத்தைச் சயாம் இரயில்பாதை காட்டியது. பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதையை ஜப்பானியர் 1942–43இல் அமைத்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டனர். இரப்பர் ஏற்றுமதி நின்று, தோட்டத்தில் வேலையும் அரிசியும் அற்றுப்போனதால், கூலி கிடைக்கும் என நம்பித் தாமாகவே சென்றோரும் அவர்களுள் இருந்தனர். பட்டினியிலிருந்து தப்ப ஏறிய வண்டி, மரண முகாமில் இறக்கிவிட்டது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ (1993), அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ (2005) ஆகிய நாவல்கள் இவ்வரலாற்றைக் கருவாகக் கொண்டவை. இத்தகைய நாவல்களை வாசிக்கும்போது நாம் கேட்கத் தவறும் வினா ஒன்றுண்டு: சயாமில் இருப்பவனுக்கு வீடு எது? அவன் ஏங்குவது, நேற்றுவரை நாம் சிறை என்றழைத்த லயத்து வீட்டுக்குத்தான். உயிர் பிழைத்தவர்கள் போருக்குப் பின் பெரும்பாலும் திரும்பிச் சேர்ந்ததும் அங்கேதான். காஞ்சனபுரியில் நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் ஏறத்தாழ 7,000 உள்ளன. ஆசியத் தொழிலாளருக்கு அத்தகைய பெயர்வரிசை இல்லை. சேரமானைப் பாடப் பொய்கையார் இருந்தார் என்னும் மரபுச் செய்தி இவ்விடத்தில் வேறொரு கனத்தைப் பெறுகிறது.

இனி, கதவு வெளியிலிருந்து திறக்கப்பட்ட சூழல்களையும் கருத வேண்டும். 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை அற்றோருக்கு வேலை அனுமதிச் சீட்டைக் கட்டாயமாக்கியது. அதன் விளைவாக, அடுத்து வந்த ஆண்டுகளில் சிவப்பு அடையாள அட்டைக்காரர் பலர் தோட்டங்களைவிட்டுக் கப்பலேறினர். அடுத்து, தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாற்றப்பட்டும், வீடமைப்புக்கு விற்கப்பட்டும் போனபோது எஞ்சியோரும் வெளியேறினர். இவர்களுள் எவரும் தப்பி ஓடியவர் அல்லர், நோட்டீசு பெற்றவர். புறம்போக்கு வீடுகளிலும் பின்னர் அடுக்குமாடிகளிலும் ஒண்டியவர்களைத் ‘தோட்டத்திலிருந்து விடுபட்டோர்’ என எழுதும் ஆய்வாளர், திறவுகோல் யார் கையில் இருந்தது என்பதையும் எழுதுதல் வேண்டும். துன்பத்தை அழகுபடுத்தித் தோட்டத்தைச் சொர்க்கமாக்கும் நினைவேக்கக் கவிதைகளுக்கு நான் வாதாடவில்லை. அவற்றுள் பெரும்பாலானவை பெரட்டுக் களத்தையே மறந்துவிட்டவை. ஆனால், லயம் இடிக்கப்பட்டு ஆண்டுகள் பல சென்ற பின்பும், செம்பனைக்கு நடுவே எஞ்சி நிற்கும் கோயிலுக்குத் திருவிழா நாளில் மட்டும் குடும்பத்தோடு வந்து, தம் வீடு இருந்த இடத்தைப் பேரப்பிள்ளைகளுக்குச் சுட்டிக்காட்டிச் செல்வோர் இன்றும் உள்ளனர். மருதியின் இரண்டாம் பயணத்தைப் படித்தறிந்தவர்க்கு இவர்கள் புதியவர்கள் அல்லர்.