இரண்டு தயாளன்கள்

நடிகர் சமுத்திரக்கனி இரு திரைப்படங்களில் தயாளன் என்னும் ஒரே பெயரைத் தாங்கி வருகிறார். 2012-இல் வெளிவந்த 'சாட்டை'யில் அவர் அரசுப் பள்ளி ஆசிரியர். 2016-இல் அவரே இயக்கிய 'அப்பா'வில் ஒரு மகனின் தந்தை. இரண்டிலும் அவருக்கு எதிர்நிலையில் நிற்பவர், தம்பி ராமையா ஏற்ற சிங்கப்பெருமாள். முன்னதில் அவர் உதவித் தலைமை ஆசிரியர். பின்னதில் மதிப்பெண்ணுக்காகவே மகனை வளர்க்கும் தகப்பன். பெயர்கள் மாறவில்லை, களம் மாறிவிட்டது. பள்ளியில் இருந்த நல்லவர் நான்கே ஆண்டுகளில் வீட்டுக்குப் போய்விட்டார். சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நாம் இந்த இடமாற்றத்தைச் சற்று நின்று நோக்க வேண்டும்.

'அப்பா' மூன்று தந்தையரின் கதை. தயாளன் மகனின் விருப்பத்தை மதிக்கிறார். நடுநிலையான் என்பவரோ இருக்கும் இடம் தெரியாமல் வாழ்வதே பாதுகாப்பு எனத் தம் மகனுக்குக் கற்பிக்கிறார். சிங்கப்பெருமாள் மகனின் ஒவ்வொரு மணி நேரத்தையும் தாமே தீர்மானிக்கிறார். முதலில் நம்மைச் சிரிக்கவைக்கும் அவரது பிடிவாதம் போகப்போக அச்சமூட்டுகிறது. இறுதியில் அது பெருந்துயரத்தில் முடிகிறது. சிரித்த நம்மையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதுதான் இப்படத்தின் வலிமை.

ஆயினும் குறையும் உண்டு. அறிவுரை மிகுதி என்பது சிறிய குறை. பெரிய குறை, தயாளனைப் போன்ற தந்தை எப்போதும் மகனின் அருகிலேயே இருக்க முடியும் என்று படம் எண்ணிக்கொள்வதே. திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டியோடு வடமாநிலம் செல்லும் தொழிலாளி, நாமக்கல் லாரியில் மாதக்கணக்கில் சாலையிலேயே வாழும் ஓட்டுநர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு இப்படம் என்ன சொல்கிறது? அவர்கள் பிள்ளையை விடுதியில் சேர்ப்பது பெருமைக்காக மட்டுமன்று, வேறு வழியின்மையாலும்தான். அவர்கள் சிங்கப்பெருமாள்கள் அல்லர். தயாளனாக இருக்க அவர்களுக்கு நேரமும் வாய்க்கவில்லை.

கோழிப்பண்ணைகளுக்குப் பெயர்பெற்ற இம்மண்ணின் உறைவிடப் பள்ளிகளை மக்கள் 'பிராய்லர் பள்ளிகள்' என்றே அழைத்தனர். அச்சொல்லில் ஒரு விமரிசனமே அடங்கியுள்ளது. பதினொன்றாம் வகுப்புப் பாடங்களைத் தள்ளிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களையே ஈராண்டு மனப்பாடம் செய்விக்கும் வழக்கம் தனியார் பள்ளிகள் பலவற்றில் இருந்தது. 2017-இல் அரசு தரவரிசை வெளியிடுவதை நிறுத்தியது. 2017-18 கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வைக் கொண்டுவந்தது. 2025-இல் அத்தேர்வைக் கைவிட்டது. விதிகள் வரும், போகும். இரவில் விளக்கு அணைந்தபின் போர்வைக்குள் அழும் பிள்ளையை எந்த அரசாணையும் தேடி வருவதில்லை. அங்கே ஒரு மனிதர்தான் செல்ல வேண்டும்.

இவ்விடத்தில் நம் திருச்சபை பேசாமல் இருக்க இயலாது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பெற்றோரே முதன்மையான கல்வியாளர் என்று கூறுவதோடு நின்றுவிடவில்லை. கத்தோலிக்கம் அல்லாத பள்ளிகளில் பயிலும் நம் பிள்ளைகள் மீதும் திருச்சபைக்குக் கடமை உண்டு என்கிறது. அப்படியாயின், நம் பங்கின் எல்லைக்குள் உள்ள விடுதிகளில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்றாவது நாம் அறிவோமா? நாம் நடத்தும் பள்ளிகளிலேனும், மதிப்பெண் குறைந்த மாணவனிடம் "நன்றாக உறங்கினாயா?" என்று கேட்கும் ஆசிரியர் ஒருவர் இருக்கிறாரா?

ஆயர்பணி என்பது ஆண்டுக்கொரு தியானத்தோடு முடிவதன்று. உணவைத் தொடாமல் எழுந்துபோகும் மாணவியைக் கவனிக்கும் விடுதிக் காப்பாளர், மதிப்பெண்ணைப் பற்றி அல்லாமல் பிள்ளையைப் பற்றியே பெற்றோரிடம் பேசும் வகுப்பாசிரியர், ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஒரு விடுதிப் பிள்ளையைத் தம் இல்லத்து உணவுக்கு அழைக்கும் பொதுநிலைக் குடும்பம் ஆகியோரே இதன் பணியாளர்கள். அரசின் 14417 உதவி எண் அறிவிப்புப் பலகையில் இருப்பது நன்று. எனினும் அவ்வெண்ணை அழைக்கத் துணிவூட்டவும் அருகில் ஒருவர் வேண்டும்.

நல்லாயன் தம் ஆடுகளை எண்ணிக்கையால் அன்றிப் பெயரால் அறிகிறார். 'அப்பா' காண வேண்டிய படம். நம் பெற்றோர் கட்டாயம் காணட்டும். ஆனால் கண்டபின் முந்தைய படத்தையும் நினைவுகூர்வோம். வீட்டில் ஒரு தயாளன் கிடைக்காத பிள்ளைக்குப் பள்ளியிலாவது ஒரு தயாளன் கிடைக்க வேண்டும். இரண்டு இடத்திலும் கிடைக்காவிடில், அக்குற்றம் சிங்கப்பெருமாளுடையது மட்டுமன்று, நம்முடையதும்தான்.