வாண்டில் ஆற்றுத் தூண்டில்

தென் லண்டனில், காலியர்ஸ் வுட் சூப்பர்மார்க்கெட்டின் கார் நிறுத்தத்தை ஒட்டி ஓர் ஆறு ஓடுகிறது. பெயர் வாண்டில். கார்ஷல்டன், வாடன் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறைச் சுனைகளில் பிறந்து, வாண்ட்ஸ்வொர்த்தில் தேம்ஸில் சேர்வதற்குள் சுமார் 14 கிலோமீட்டர்தான் அதன் ஆயுள். டூட்டிங்கிலும் மிட்சமிலும் குடியிருக்கும் நம்மவர்கள் இதைப் பலமுறை கடந்திருப்போம், பெரும்பாலும் காரில்.

ஏப்ரல் தொடங்கி செப்டம்பர் முடிய ட்ரவுட் மீனுக்கான பருவம். அந்த மாதங்களின் மாலைகளில் சிலர் முழங்கால் தண்ணீரில் நின்று நீண்ட கம்பால் காற்றில் கயிறு வீசிக்கொண்டிருப்பார்கள். ஃப்ளை ஃபிஷிங். புழுவும் கிடையாது, தக்கையும் கிடையாது. முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சிதான் இரை. பிடித்த மீனைத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுகிறார்கள். முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இவர்கள் என்னதான் படிக்கிறார்கள் என்று தேடப்போய் வீட்டில் ஓர் அலமாரி நிறைந்துவிட்டது.

அந்த அலமாரியின் மூலவர் ஃபிரெடெரிக் ஹால்ஃபர்ட். தண்ணீருக்கு மேலே மிதக்கும் பொய்ப்பூச்சியை வைத்து மீன் பிடிக்கும் ‘ட்ரை ஃப்ளை’ முறைக்குச் சாத்திரம் எழுதியவர். 1868இல் அவர் அதைக் கண்டுகொண்டது இந்த வாண்டிலில்தான். 1886இல் வந்த அவருடைய ‘ஃப்ளோட்டிங் ஃப்ளைஸ்’ நூலில் 90 பொய்ப்பூச்சிகள், கையால் வண்ணம் தீட்டிய படங்களோடு இருக்கின்றன. அதைப் படிக்கும்போது எனக்குத் திணை இலக்கணம்தான் நினைவுக்கு வந்தது. எந்த மாதம், எந்தப் பொழுது, எந்த நீரில் எந்தப் பூச்சி? முதல் மழைக்கு ஈசல் கிளம்புவதைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாக இருக்காது. மேஃப்ளை ஓரிரண்டு ஆண்டு ஆற்றுச் சேற்றில் கிடந்து, மே மாதக் கடைசியில் மேலேறிச் சிறகு விரித்து, சில நாளில் செத்துப்போகிறது. அந்தச் சில நாளுக்காக ஆண்டு முழுவதும் காத்திருக்கும் எழுத்து இது. முதற்பொருளும் கருப்பொருளும் இவ்வளவு துல்லியமாக அமைந்த உரைநடையை நான் அதிகம் கண்டதில்லை.

இல்லாதது உரிப்பொருள். ஹால்ஃபர்ட் பிறந்தபோது பெயர் ஹயம். ஜெர்மானிய வழிவந்த யூதக் குடும்பம். 1875இல் பெயரை மாற்றிக்கொண்டார்கள். ஆங்கிலேயரிலும் ஆங்கிலேயர் விளையாடுவது என்று பெயரெடுத்த ஒன்றுக்கு வேதம் எழுதியவர் பெயர் மாற்றிய வீட்டுப் பிள்ளை. அந்த வலியோ கள்ளச் சந்தோஷமோ ஒரு வரியில் கசிந்திருந்தால் அது வேறு புத்தகமாகியிருக்கும். ஆனால் அவர் பத்தாண்டுக்குள் ஹாம்ப்ஷயரின் தெளிந்த நீருக்குப் போய்விட்டார். சீடர்கள் அவருடைய முறையை மடி ஆசாரமாக்கினார்கள்: மேலே வந்து பூச்சி தின்னும் மீனுக்கு மட்டுமே வீசலாம், மற்றதெல்லாம் தீட்டு. நீருக்கடியிலும் பூச்சி உண்டே என்று ஸ்கூஸ் 1910இல் ஒரு புத்தகம் போட்டதற்கு நடந்த சண்டை, நம் ஊர் வடகலை தென்கலை வழக்குக்குக் குறைந்ததல்ல.

நகரத்து ஆறு அனாதையானது. ரஸ்கின் 1866இலேயே கார்ஷல்டன் சுனை குப்பையானதற்கு அழுதார். ஆனால் அவர் பார்வையில் அங்கே குடியிருந்தவர்கள் அசுத்தம் செய்கிறவர்கள் மட்டுமே. 1960களில் அரசுக் கணக்கிலேயே வாண்டில் ஒரு சாக்கடை. மதுரைக்காரனான எனக்கு, ஊர் நடுவே ஆறு இருப்பதும் அது ஆறாக இல்லாததும் புதிதல்ல. இங்கே வித்தியாசம், சனங்கள் இறங்கித் தள்ளுவண்டிகளையும் டயர்களையும் இழுத்துப் போட்டார்கள். 2007இல் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வந்த ரசாயனத்தில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்தன, மறுபடி இறங்கினார்கள்.

இந்த உழைப்பிலிருந்து வந்த எழுத்து தியோ பைக்கின் ‘ட்ரவுட் இன் டர்ட்டி பிளேசஸ்’ (2012). பிரிட்டன் நகரங்களின் 50 ஆறுகளுக்கு வழிகாட்டி. ஹால்ஃபர்டின் மடியை உடைத்த புத்தகம் என்பதால் எனக்குப் பிடிக்கும். ஆனால் வழிகாட்டி என்ற வடிவமே அதற்குத் தடை. 50 ஆறு என்றால் எங்கேயும் உட்கார முடியாது. பாலத்தின் மேல் நின்று எட்டிப் பார்க்கும் பெண்மணி யார், எந்த ஊர் ஆற்றை நினைத்துக்கொண்டு பார்க்கிறாள் என்று கேட்க அதற்கு நேரமில்லை.

அதைக் கேட்க வேண்டியவர்கள் நாம். நமக்கோ நோய் நேர் எதிர். பிரிவு நமக்குக் கைவந்த உரிப்பொருள். ஆனால் நான் படித்த வரையில், நம் புலம்பெயர் கதைகளில் மரம் வெறும் மரம், பறவை ஏதோ ஒரு பறவை, பனி மட்டும் கதைக்குக் கதை கொட்டுகிறது. இருபது ஆண்டு வாழ்ந்த தெருவின் ஆற்றுக்குப் பெயர் இல்லை. விட்டு வந்த ஊரின் குளத்துக்கு மட்டும் படித்துறை, நாணல், கெளுத்தி, கெண்டை எல்லாம் உண்டு. இது ஏக்கத்தால் வந்த குறை என்று சமாதானம் சொல்கிறார்கள். சோம்பல் என்றுதான் எனக்குப் படுகிறது. என்னையும் சேர்த்தே சொல்கிறேன். இந்த ஆற்றங்கரையில் நான் வேலைக்கு நடந்துபோன நாட்கள் எத்தனை, வரப்புப் போல நீண்டு கிடந்த நீர்ப்பாசியைக் கவனித்த நாட்கள் எத்தனை.

என் மகளின் வகுப்பில் தொட்டியில் ட்ரவுட் முட்டைகளைப் பொரிக்கவைத்து, வசந்தத்தில் குஞ்சுகளை வாண்டிலில் விட்டார்கள். அன்று மாலை கேட்டாள்: “அப்பா, ட்ரவுட்டுக்குத் தமிழ்ல என்ன?”

“மீன்.”

“மீன்னா ஃபிஷ். இது என்ன மீன்?”

வெள்ளைக்காரர்கள் நீலகிரியில் கொண்டுபோய் விட்ட மீன்தான், அங்கேயும் ட்ரவுட் என்றுதான் சொல்கிறார்கள் என்றேன். அவள் நோட்டில் ‘ட்ரவுட்’ என்று தமிழில் எழுதினாள். கீழே ஒரு மீன் வரைந்து, உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி வைத்தாள்.