விட்டுக்கொடுக்கும் பசை

பசை என்றால் பிடிமானம்தான் முதலில் நினைவுக்கு வரும். எவ்வளவு அழுத்தமாகப் பிடிக்கிறதோ அவ்வளவு நல்ல பசை என்று கொள்வது நம் வழக்கம். ஜப்பானில் ஓவியச் சுருள் கட்டும் கைவினைஞர்கள் இதை நேர்மாறாக மதிப்பிடுகிறார்கள். கோதுமை மாவுச்சத்தைக் காய்ச்சி, ஜாடியில் இட்டு, ஏறக்குறைய பத்து ஆண்டுகள் வைத்திருந்து, ஒட்டும் வலுவில் பெரும்பகுதி போன பிறகே எடுக்கிற பசையைத்தான் அவர்கள் உச்சியில் வைக்கிறார்கள். அதற்கு ஃபுருநோரி, அதாவது பழைய பசை என்று பெயர். ஓவியக் கலைக்குத் துணைநின்ற பொருள்களில் இதைவிட நுட்பமானது வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பழைய பசையின் தேவை சுருளின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. ககேஜிகு எனும் தொங்கு சுருள் சுவரில் நிரந்தரமாக மாட்டும் படம் அல்ல. பருவத்துக்கோ வரும் விருந்தினருக்கோ ஏற்ற ஒன்றைத் தேர்ந்து, டோக்கோனோமா என்கிற மாடத்தில் சில நாட்கள் தொங்கவிட்டு, பிறகு சுருட்டிப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். பட்டிலோ காகிதத்திலோ வரைந்த ஓவியத்தின் முதுகில் மூன்று நான்கு அடுக்குக் காகிதம் ஒட்டியிருக்கும். நாற்புறமும் பட்டுத்துணி. ஈரம் ஏறினால் இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவில் விரியும், உலர்ந்தால் வெவ்வேறு அளவில் சுருங்கும். வலுத்த பசையால் இறுக்கினால் சுருள் விறைத்துப்போகும். சுருட்டும்போதெல்லாம் குறுக்கே மடிப்பு விழும். மடிப்பு விழுந்த இடத்தில் பட்டு இற்று, தாமிரக் கனிமங்களை அரைத்துப் பூசிய பச்சையும் நீலமும் பொருக்குப் பொருக்காக உதிரும். நம் தஞ்சாவூர் ஓவியத்தில் பலகைமீது துணியைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டுகிற பழைய வழக்கம் உண்டு. பலகை அசையாதது, அங்கே கெட்டியான பிடிதான் வேண்டும். சுருட்டப்படும் ஓவியத்துக்கு வேண்டியது வேறு.

கோதுமை மாவைப் பிசைந்து நீரில் அலசினால் புரதம் தனியே திரண்டு கையில் நிற்கும், மாவுச்சத்து நீரோடு இறங்கிவிடும். அந்தப் புரதம் ‘ஃபு’ என்ற பெயரில் பௌத்த மடங்களின் சைவச் சமையலுக்குப் போகிறது. அடியில் படிந்த வெள்ளை மாவுச்சத்து பசைக்கு. ஆண்டின் கடுங்குளிர் நாட்களில், ஜனவரி பிற்பகுதியில், அதை நீரில் கரைத்துக் கை ஓயாமல் கிளறிக் காய்ச்சுவார்கள். சூடு அறுபது டிகிரியை ஒட்டி ஏறும்போது மாவுச்சத்து மணிகள் நீரைக் குடித்து உப்பிக் குலைகின்றன. கலங்கல் நீர் மெல்லத் தெளிந்து கெட்டிப்படுகிறது. ஆறியதும் ஜாடிகளில் நிரப்பி, மேலே நீர் ஊற்றி மூடி, குளிர்ந்த இருட்டறையிலோ தரைக்கு அடியிலோ வைப்பார்கள். ஆண்டுக்கொரு முறை குளிர்காலத்தில் திறந்து, படிந்த பூஞ்சணத்தை வழித்தெடுத்து நீரை மாற்றுவார்கள். மற்றபடி ஜாடியை யாரும் தொடுவதில்லை.

உள்ளே நடப்பது அழிவுதான், ஆனால் விரும்பி வரவழைத்த அழிவு. நுண்ணுயிர்கள் சுரக்கும் நொதிகளும் அமிலங்களும் மாவுச்சத்தின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைச் சிறுகச் சிறுகத் துண்டாக்குகின்றன. புதுப் பசை காகிதத்தில் உலரும்போது நீண்ட சங்கிலிகள் ஒன்றோடொன்று நெருங்கிப் படிந்து இறுகுகின்றன. அந்த விறைப்பு அதனால் வருவது. பழைய பசையில் அப்படி இறுகவேண்டியதெல்லாம் ஜாடிக்குள்ளேயே இறுகி முடிந்திருக்கும். காகிதத்தின்மேல் அது இனி முறுக்கிக்கொள்ளாது. வெளியே எடுத்துச் சல்லடையில் அரித்து, மேலும் நீர் சேர்த்து நீர்மோர் பதத்துக்குக் கரைத்துத்தான் தூரிகையில் தொடுவார்கள்.

இத்தனை நீர்த்த பசை அடுக்குகளை எப்படிப் பிடித்து வைக்கிறது? இதற்கான விடையில்தான் இந்தத் தொழிலின் மேதைமை இருக்கிறது. ஓவியத்தின் முதுகில் நேரடியாகப் படுகிற முதல் அடுக்கு, கிஃபு மாநிலத்தின் மெல்லிய மினோ காகிதம். அதை மட்டும் புதுப் பசையால் ஒட்டுவார்கள். அந்தக் காகிதத்துக்கு என்ன சாயம் ஏற்றுகிறார்களோ அது பட்டின் இழைகளுக்கிடையே கசிந்து தெரியும் என்பதால், ஓவியத்தின் நிறத்தையே நிர்ணயிக்கும் முடிவு அது. அடுத்த அடுக்குக்குச் சிப்பிச் சுண்ணத்தூள் கலந்த மிசு காகிதம், கடைசி அடுக்குக்கு வெள்ளைக் களிமண் கலந்த உதா காகிதம். இரண்டும் நாராவின் யோஷினோ மலைப்பகுதியில் செய்யப்படுபவை. இந்த அடுக்குகளுக்குத்தான் பழைய பசை. பசை தடவிக் காகிதத்தைப் படியவிட்ட பிறகு, உச்சிபாக்கே என்ற கனத்த, அடர்ந்த பனைநார்த் தூரிகையை மேலிருந்து இறக்கி அங்குலம் அங்குலமாக அடித்துக்கொண்டே போவார்கள். அடி விழ விழ, ஒரு காகிதத்தின் இழைகள் அடுத்ததன் இழைகளுக்குள் இறங்கிப் பின்னிக்கொள்கின்றன. பசை அந்தப் பின்னலுக்குத் துணை மட்டுமே. பசையின் வலுவைக் குறைத்து, அந்த வேலையைக் கைக்கும் இழைக்கும் பகிர்ந்து கொடுத்திருக்கிறார்கள். பொருளறிவு என்று நான் மதிப்பது இதைத்தான்.

பழைய பசைக்கு இன்னொரு நன்மையும் உண்டு, அதுவே மிகப் பெரியது. ஒரு சுருள் பல தலைமுறை தாங்கும், ஆனாலும் ஏறக்குறைய நூறாண்டுக்கு ஒருமுறை பிரித்துக் கட்டவேண்டிவரும். அப்போது சிறிது ஈரம் காட்டினால் போதும், பின்னடுக்குகள் ஓவியத்தை இழுக்காமல் பிரிந்துவரும். பெயர் தெரியாத ஒரு கைவினைஞர் தன் வேலையைப் பிற்காலத்தவர் ஒருவர் கலைத்துச் செய்யப்போகிறார் என்று அறிந்தே, அவருக்கு வசதியாக ஒட்டியிருக்கிறார். செயற்கைப் பசைகள் இந்த ஒரு தேர்வில்தான் பெரும்பாலும் தோற்கின்றன. முறுகிப் பழுப்பேறி, எடுக்க முயன்றால் படத்தையும் கூடவே பெயர்த்துவரும் பசையோடு மல்லாடிய எந்தப் பழுதுபார்ப்பவருக்கும் இந்த அருமை சொல்லாமலே விளங்கும்.

தானியப் பசை ஜப்பானியக் கலையில் ஒட்டுவதோடு நின்றுவிடவில்லை. நிறத்தை நிறுத்துவதும் அதுவே. மரக்கட்டை அச்சில், செதுக்கிய கட்டைமேல் நீரில் கரைத்த நிறமியைத் தூரிகையால் பரப்பும்போது கூடவே ஒரு சொட்டு அரிசிப்பசை வைப்பார் அச்சாளர். பசைதான் நிறமித் துகள்களை ஓரிடத்தில் குவியவிடாமல் சமமாகப் படியவைக்கிறது. 1830களின் தொடக்கத்தில் வந்த ஹொக்குசாயின் ஃபுஜி மலைக் காட்சிகளில் பிரஷ்ய நீலம் வானத்தின் உச்சியில் அடர்ந்து கீழே வெளுத்து மறைகிறதே, அந்தச் சாய்வு நிறம் ஈரம், நிறமி, பசை மூன்றின் விகிதத்தில் நடக்கும் வித்தை. பசையைக் குறைத்தால் நிறம் திட்டுத்திட்டாக, எள் தூவியதாய்ப் புள்ளிகளுடன் விழும். அதையும் வீணாக்காமல், எள் அச்சு என்றே பெயரிட்டுப் பாறைக்கும் மண்ணுக்கும் வேண்டுமென்றே பயன்படுத்தினார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் புள்ளிப் பரப்புதான். மர வரிகள் தெரியும் வானத்தைவிடவும்.

ஜப்பானுக்கு வெளியே இந்த அறிவு தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. இன்று காகித ஆவணங்களைப் பழுதுபார்க்கும் கூடங்களில் கோதுமை மாவுச்சத்துப் பசை உலகெங்கும் இருக்கிறது. வாஷிங்டனின் ஃப்ரீர் கலைக்கூடம் 1932 முதலே கிழக்காசிய ஓவியங்களுக்கெனத் தனிப் பழுதுபார்ப்புக் கூடம் வைத்திருக்கிறது. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஓவியர் ஹிராயாமா இக்குவோவின் பெயரில் ஒரு கூடம் உண்டு. பழைய பசையின் தன்மையைப் பத்தாண்டு காத்திராமல் குறுகிய காலத்தில் வரவழைக்கவும் ஆய்வாளர்கள் வழி தேடியிருக்கிறார்கள். அதை நான் குறையாக எண்ணவில்லை; பழுதுபட்ட சுருள்கள் பல, பத்தாண்டு ஜாடிகள் சில. ஆனால் ஆண்டுதோறும் குளிரில் அடுப்பு மூட்டிக் காய்ச்சும் பட்டறைகள் நிற்கக்கூடாது என்பதில் எனக்கு உறுதி உண்டு. காய்ச்சுகிற கை அந்தக் கெட்டிப்பதத்தை ஆண்டுக்கொரு முறையாவது உணர்ந்தால்தான், பத்து வருடம் கழித்து ஜாடியைத் திறக்கும்போது நன்றாய் முதிர்ந்ததையும் வெறுமனே கெட்டுப்போனதையும் பிரித்தறியும்.

அருங்காட்சியகத்தில் ஒரு தொங்கு சுருள் முன் நின்றால், படத்தைப் பார்த்து முடித்த பிறகு சற்றுப் பக்கவாட்டுக்கு நகருங்கள். இருபுற ஓரங்களும் முன்னோக்கி வளையாமல், கீழ்க்கட்டையின் எடைக்கு இசைந்து, ஒரு அலைகூட இல்லாமல் தளர்வாக இறங்குகின்றனவா என்று பாருங்கள். அப்படி இறங்கினால், பின்னால் இருக்கும் காகிதங்கள் நன்றாக அடிக்கப்பட்டிருக்கின்றன, பசை நன்றாக முதிர்ந்திருக்கிறது.