வெள்ளைப்புலி அல்பினோ இல்லை, சரி. அப்புறம்?

ஏனாத்தூர் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சுற்றுலா என்றால் வண்டலூர்தான். வாலாஜாபாத் போய் ஒரகடம், படப்பை வழியாக நேரே போய் இறங்கிவிடலாம். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா 600 ஹெக்டேருக்கு மேல். ஆனால் திரும்பி வந்த பிள்ளையிடம் "என்னடா பாத்த?" என்று கேட்டால் முதலில் வருவது வெள்ளைப்புலி. காட்டுக்கழுதையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

வெள்ளைப்புலியைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் இரண்டு கட்சி. செய்தி எழுதுகிறவர்களுக்கு அது "அரிய வகை", "அழிந்துவரும் இனம்". அறிவியல் எழுதுகிறவர்கள் உடனே திருத்துவார்கள்: அது தனி இனமே இல்லை, அல்பினோவும் இல்லை, சாதாரண வங்கப்புலியின் நிற மாற்றம். முதல் கட்சி சொல்வது தப்பு. இரண்டாம் கட்சி சொல்வது சரிதான், ஆனால் அதைச் சொன்னதும் வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். என் குறை அங்கேதான்.

தோலுக்கும் முடிக்கும் நிறம் தருவது மெலனின். அதில் இரண்டு வகை. கறுப்பும் பழுப்பும் தருவது யூமெலனின். சிவப்பும் மஞ்சளும் தருவது ஃபியோமெலனின். முழு அல்பினோவுக்கு இரண்டுமே இல்லை. வெள்ளைப்புலிக்குப் போனது பெரும்பாலும் மஞ்சள்தான். வரி இருக்கிறது, கண் நீலம். 2013-ல் சீன ஆய்வாளர்கள் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள்: எஸ்எல்சி45ஏ2 என்ற மரபணு உண்டாக்கும் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது. அவ்வளவுதான். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அந்த மாறிய மரபணு வந்தால் குட்டி வெள்ளை.

இப்போது பார்சிலோனாவுக்குப் போவோம். 1966-ல் எக்குவடோரியல் கினியில் பிடிபட்ட வெள்ளைக் கொரில்லா ஒன்று அந்த ஊர் விலங்குக்காட்சி சாலையில் 2003 வரை இருந்தது. பெயர் ஸ்னோஃப்ளேக், பனித்துகள். சந்தேகமே இல்லாத அல்பினோ. தோல் புற்றுநோயில் செத்தது. அதன் மரபணுவையும் 2013-ல்தான் படித்தார்கள். பழுது இருந்த இடம் எது தெரியுமா? அதே எஸ்எல்சி45ஏ2. மாற்றம் வேறு, மரபணு ஒன்றே. "அல்பினோ இல்லை" என்று நாம் போடுகிற கோடு அவ்வளவு கெட்டியானது இல்லை. 1973-லேயே ஒரு வெள்ளைப்புலியின் மூளையைப் பார்த்தவர்கள், கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புகள் தடம் மாறி ஓடுவதைக் கண்டார்கள். அல்பினோ விலங்குகளிலும் சயாமீஸ் பூனையிலும் காண்கிற அதே கோளாறு. பல வெள்ளைப்புலிகளுக்கு மாறுகண் இருப்பது இதனால்தான். பெயரில் அல்பினோ இல்லை, நரம்பில் பாதி இருக்கிறது.

ஸ்னோஃப்ளேக்கின் மரபணு இன்னொன்றும் சொன்னது: அதன் பெற்றோர் நெருங்கிய ரத்த உறவு, மாமனும் மருமகளும் போன்ற உறவாக இருக்கலாம் என்று. காட்டில் தற்செயலாக நடந்தது அது. கூண்டில் நாம் திட்டம் போட்டுச் செய்தோம்.

1951-ல் ரீவா மகாராஜா மார்த்தாண்ட் சிங் காட்டில் ஒரு வெள்ளைக்குட்டியைப் பிடித்தார். தாயும் கூடப்பிறந்த குட்டிகளும் வேட்டையில் சுடப்பட்டன. வெள்ளையாக இருந்ததால் மட்டும் பிழைத்த அதற்கு மோகன் என்று பெயர். பேகம் என்ற சாதாரணப் புலியோடு சேர்த்தார்கள். பிறந்ததில் ஒன்றுகூட வெள்ளை இல்லை. அடுத்து மோகனை அதன் சொந்த மகள் ராதாவோடு சேர்த்தார்கள். 1958-ல் நான்கு குட்டிகள், நான்கும் வெள்ளை. அதில் மோகினி 1960-ல் வாஷிங்டன் போனது. அதற்கு ஜோடியாக வந்த சாம்ப்சன், மோகனுக்கும் பேகத்துக்கும் பிறந்தது. நம் ஊர்க் கணக்குப்படி தாய்மாமன். தாய்மாமனைக் கட்டுவது இங்கே புதிது இல்லை, அதனால் வரும் மரபுக் கோளாறுகளை மருத்துவர்கள் இன்றும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் சாம்ப்சனுக்கும் மோகினிக்கும் அப்பா ஒருவரே. மாமனும் அவனே, அண்ணனும் அவனே! இதற்கு உறவுமுறைச் சொல் தமிழில் கிடையாது, தேவைப்பட்டதும் இல்லை.

எல்லா வெள்ளைப்புலியும் மோகன் வாரிசு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒடிசாவின் நந்தன்கானனில் 1980-ல் சாதாரண நிறப் பெற்றோருக்கே வெள்ளைக்குட்டிகள் பிறந்தன. ஆனால் வழிமுறை மாறவில்லை. வெள்ளை வேண்டும் என்றால் உறவுக்குள் சேர்ப்பதுதான் சுருக்குவழி. 2021-ல் பெங்களூரு ஆய்வாளர்கள் சிமிலிபால் காட்டின் அடர்கறுப்பு வரிப் புலிகளை ஆராய்ந்தபோது, அதே மரபணு மாற்றம் நந்தன்கானனிலும் நம் வண்டலூரிலும் இருந்த புலிகளில் கிடைத்தது. சிமிலிபாலில் அது பரவக் காரணம், அந்தப் புலிகள் மற்றக் காடுகளிலிருந்து துண்டிக்கப்பட்டது.

எதிர்த்தரப்பில் ஒரு நல்ல வாதம் இருக்கிறது. வெள்ளை மரபணுவைக் கண்டுபிடித்த அதே குழு, காட்டில் வெள்ளைப்புலிகள் வளர்ந்து பெரிதாகும்வரை வாழ்ந்திருக்கின்றன, இது இயற்கையான வேறுபாடு, காக்கத் தகுந்தது என்றது. ஒப்புக்கொள்கிறேன். 2017-ல் நீலகிரியில் மிக வெளிறிய புலி ஒன்று படத்தில் சிக்கியது; கூண்டு இல்லாமலே தானாக வந்தது. கோவையில் 2023-ல் பிடிபட்ட வெள்ளை நாகத்தைக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள், அதை வைத்து யாரும் குட்டி எடுக்கவில்லை. காப்பது என்றால் காட்டில் அந்த மரபணு இருக்க இடம் விடுவது. கூண்டில் பெருக்கியது காட்டுக்குப் போவதே இல்லையே! அமெரிக்க விலங்குக்காட்சி சாலைகளின் சங்கம் 2011-ல், அரிய நிறத்துக்காக இனப்பெருக்கம் செய்ய வேண்டாம் என்று தன் உறுப்பினர்களுக்குச் சொல்லிவிட்டது. மத்தியப் பிரதேசத்தில் 2016-ல் வெள்ளைப்புலிக்கென்றே சஃபாரி திறந்தோம்.

இருக்கிற புலிகளை ஒளித்துவைக்கச் சொல்லவில்லை, அவை என்ன பாவம் செய்தன. "அல்பினோ அல்ல" என்று எழுதிக்கொண்டிருப்பதைவிட, அடைப்புக்கு முன்னால் அந்தப் புலியின் வம்சாவளியை ஐந்து தலைமுறைக்கு வரைந்து மாட்டலாம். ஒரே பெயர் எத்தனை கிளையில் வருகிறது என்று பிள்ளைகள் விரல்விட்டு எண்ணிப் பார்த்துக்கொள்ளும்.